கோட்டை மிதிக்காதீங்கப்பா

நார்மன் டேவிஸ் என்ற பெயர் கால்பந்து பார்க்கிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. மான்செஸ்டர் யுனைடெட் அணியின் சட்டை, பூட்ஸ், பந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட மனிதர். 1995 ஜனவரி 25 அன்று லண்டன் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்தில், கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரான ஆட்டத்தில் எரிக் கண்டோனா சிவப்பு அட்டை வாங்கினார். அவரைப் பத்திரமாக உடைமாற்றும் அறைக்குக் கூட்டிப்போவது டேவிஸின் பொறுப்பு. பக்கக்கோட்டை ஒட்டி இரண்டு பேரும் நடக்கிறார்கள். படிகளில் இறங்கி முன்வரிசைக்கு ஓடிவந்த ஒரு ரசிகர் ஏதோ கத்துகிறார். டேவிஸின் பிடி நழுவுகிறது. விளம்பரப் பலகைக்கு மேலே பறந்து அந்த ஆளின் நெஞ்சில் உதைக்கிறார் கண்டோனா.

உதைத்தவருக்குச் செப்டம்பர் 30 வரை ஆடத் தடை. நீதிமன்றம் முதலில் இரண்டு வாரம் சிறை என்றது. மேல்முறையீட்டில் அது 120 மணி நேரச் சமூகசேவையாகக் குறைந்தது. டேவிஸுக்குக் கிடைத்தது ஒரு பட்டப்பெயர்: 'வேஸ்லின்'. கண்டோனா அவர் கையிலிருந்து வழுக்கிப் போய்விட்டாராம்.

அந்த உதையைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு டேவிஸ் மேல்தான் கண். அவர் ஆட்டக்காரரும் இல்லை, பார்வையாளரும் இல்லை. பயிற்சியாளர், பிசியோ, மேலாளர், தண்ணீர் பாட்டில் தூக்குகிறவர் என்று ஒரு பட்டாளமே ஒவ்வொரு அணிக்கும் உண்டு. அவர்கள் நிற்கும் இடம் கோட்டுக்கு வெளியே, வேலிக்கு உள்ளே. கூட்டத்தின் கெட்ட வார்த்தைகள் முதலில் விழுவது அவர்கள் காதில்தான். கூட்டத்துக்கும் அணிக்கும் மோதல் என்று வந்தால் தடுக்கவோ அடிக்கவோ முதல் ஆளாக அங்கே இருப்பவர்களும் அவர்கள்தான்.

ரசிகன் என்பவனே ஒருகாலத்தில் இந்தப் பட்டாளத்தைச் சேர்ந்தவன் என்று சொன்னால் நம்புவீர்களா? ஸ்பானிய மொழியில் கால்பந்து ரசிகனுக்கு 'இன்ச்சா' என்று பெயர். காற்று ஊதிப் புடைக்கச் செய்வது என்ற வினையிலிருந்து வந்த சொல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருகுவேயின் மோன்டிவிடியோ நகரத்தில், நேசியோனால் கிளப்பில் புருடென்சியோ மிகெல் ரெயஸ் என்றொருவர் இருந்தார். தொழில், தோல் வேலை. கிளப்பில் அவர் வேலை பந்துக்குக் காற்றடிப்பது. பம்ப் கிடையாது, நெஞ்சுக்கூடுதான் பம்ப். ஊதி முடித்தபிறகு அதே நுரையீரலைக் கொண்டு பக்கக்கோட்டில் நின்று தன் அணிக்காகக் கத்துவார். அக்கம்பக்கத்தில் யாரும் அப்படிக் கத்தாத காலம். 'யார் அது கத்துவது?' 'பந்து ஊதுகிறவன்.' இப்படித்தான் அந்தச் சொல் ஒரு கண்டம் முழுவதற்கும் பரவியது என்று உருகுவேக்காரர்கள் சொல்கிறார்கள்.

உலகின் முதல் இன்ச்சா ஒரு கிளப் ஊழியர். நமது 'ரசிகர்' என்ற சொல் சங்கீத சபாவிலிருந்து வந்தது. உட்கார்ந்து, தலையசைத்து, சுவைப்பவர். இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நாம் கால்பந்து மைதானத்துக்குப் போனால் அங்கே நடக்கும் பாதி விஷயம் புரியாது. அங்கே இருப்பவன் சுவைக்க வந்தவன் இல்லை. தானும் சேர்ந்துதான் பந்துக்குக் காற்றடித்தோம் என்று நினைப்பவன்.

இந்தியாவில் இதற்குப் பெயர்போன ஊர் கல்கத்தா. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் அணியை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் வாங்கியது. கூட்டத்தின் பின்னால் நின்றவர்களுக்கு ஆட்டம் தெரியாது. கோல் கணக்கைப் பட்டத்தில் எழுதி வானத்தில் விட்டார்கள். 1920ல் ஈஸ்ட் பெங்கால் வந்தது. தேசப்பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு அந்தக் கிளப் ஒரு மேல்விலாசம் மாதிரி ஆனது. இந்த இரண்டு கிளப்புகளின் அலுவலகமும் மைதான் புல்வெளியில்தான்; 'டென்ட்' என்பார்கள். தோற்ற நாளில் ரசிகன் நேராக டென்ட்டுக்குப் போவான். செயலாளரைப் பார்த்து, "என்ன டீம் எடுத்திருக்கீங்க?" என்று கேட்பான். செயலாளரும் அதே தெருக்காரர், அதே பைத்தியம் பிடித்தவர். 1975 செப்டம்பர் 30 அன்று கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று ஜெயித்தது. அன்றிரவு மோகன் பகான் ஆட்டக்காரர்கள் சிலர் சொந்த ரசிகர்களுக்குப் பயந்து கங்கையில் ஒரு படகில் ஒளிந்திருந்தார்கள் என்று கதை. சிரிப்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் அதே இரவின் தோல்வியைத் தாங்காமல் ஓர் இளைஞன் உயிரை விட்டான் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸில் அதே இரண்டு அணிகள், கல்கத்தா லீக் ஆட்டம். ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித், மோகன் பகானின் பிதேஷ் போஸை முரட்டுத்தனமாகத் தடுத்தார். போஸ் திருப்பிக் கொடுத்தார். நடுவர் இருவரையும் வெளியே அனுப்பினார். ஆட்டவிதிப்படி விஷயம் அங்கே முடிந்தது. மாடத்தில் அப்போதுதான் தொடங்கியது. இரண்டு அணிகளின் ஆட்களையும் ஒரே மாடத்தில் கலந்து உட்கார வைத்திருந்தார்கள். கைகலப்பு, கல், செங்கல், தப்பி ஓட்டம், குறுகலான வெளியேறும் வழி. 16 பேர் செத்துப்போனார்கள். மேலே இது நடந்துகொண்டிருக்கக் கீழே ஆட்டமும் நடந்தது.

இரண்டு ஆட்டக்காரர்கள் வெளியேறிய சில நிமிடங்களில் மாடத்தில் 16 உயிர். தெற்கு மாவட்டத்துக்காரனான எனக்கு இதில் ஆச்சரியமில்லை.

எங்கள் நாகலாபுரம் பக்கம் கால்பந்து கிடையாது. கோவில்பட்டிக்குப் போனால் ஹாக்கி. 'ஹாக்கிப்பட்டி' என்றே பத்திரிகைகளில் எழுதுவார்கள். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி என்றால் சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் கரிசல்காட்டுக் கிராமங்களின் ஆட்டம் கபடி. மிளகாயும் மக்காச்சோளமும் வீட்டுக்கு வந்தபிறகு, கோயில் கொடையை ஒட்டி ராத்திரி ஆட்டம். நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட், சுற்றிக் கயிறு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊர். வேலி என்றெல்லாம் எதுவும் இல்லை. முன்வரிசைப் பொடியன்களின் கால் கோட்டுக்குள்தான் இருக்கும். மைக்செட்டில் கமிட்டிக்காரர் ராத்திரி முழுக்கச் சொல்கிற ஒரே வசனம்: "கோட்டை மிதிக்காதீங்கப்பா, கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க." டீம் மேனேஜர் என்பவர் ரைடரின் தாய்மாமா. நடுவர் பக்கத்து ஊர் வாத்தியார். யார் அணி, யார் பார்வையாளர் என்று பிரிக்கவே முடியாது. ஒரு 'அவுட்' தகராறானால் பத்து விநாடியில் நூறு பேர் ஆடுகளத்தில் நிற்பார்கள். பெரும்பாலும் "விடு மாப்ள, விடு" என்று யாராவது இழுத்துக்கொண்டு போவதோடு முடியும்.

முடியாத நாளும் உண்டு. கபடிக் கோட்டில் தொடங்கிய வாய்ச்சண்டை எந்தத் தெருவில், எந்தச் சாதிக் கணக்கில் போய் முடியும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் போலீஸ் அனுமதி கொடுக்கத் தயங்குகிறது, கமிட்டிகள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகின்றன. அங்கே கொடுக்கப்படும் உத்தரவுகளைப் படித்துப் பாருங்கள். ஆட்டக்காரர் சட்டையில் சாதியையோ கட்சியையோ காட்டும் படம், நிறம் கூடாது. போதையில் இறங்கக்கூடாது. மருத்துவக் குழு வேண்டும். அசம்பாவிதம் நடந்தால் பொறுப்பு ஏற்பாட்டாளருடையது. ஐரோப்பியக் கால்பந்து நூறு வருடத்தில் கான்கிரீட்டிலும் கம்பியிலும் கட்டிப் பார்த்ததை, நாம் இரண்டு பக்க நீதிமன்ற உத்தரவில் கட்டப் பார்க்கிறோம்.

அவர்கள் கட்டிய கதையையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 1970களில் ரசிகர் வன்முறை பெருகியபோது மைதானத்தைச் சுற்றி இரும்புக் கம்பிவேலி போட்டார்கள். எல்லா மைதானத்திலும் இல்லை. 1989 ஜனவரி 18 அன்று நாட்டிங்காம் ஃபாரஸ்ட் தன் சொந்த மைதானத்தில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை 5-2 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் உற்சாகத்தில் ஃபாரஸ்ட் ரசிகர்கள் உள்ளே ஓடிவந்தார்கள். பயிற்சியாளர் பிரையன் கிளஃப் கண்ணில்பட்டவர்களை இழுத்து இழுத்து அறைந்தார். தன் அணியின் ரசிகர்களைத்தான். 5,000 பவுண்டு அபராதம், அந்தப் பருவம் முழுக்கப் பக்கக்கோட்டருகே வரத் தடை. அறை வாங்கிய இரண்டு பேர் பிறகு அவரைப் பார்க்கப் போனார்கள். மன்னிப்புக் கேட்டது அவர்கள். கிளஃப் கேமரா முன்னால் கன்னத்தைக் காட்டி முத்தம் வாங்கிக்கொண்டார். தேசமே ரசித்தது. அப்பன் பிள்ளையை அடித்த மாதிரி எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை. அடி வாங்கியவன் மன்னிப்புக் கேட்பதை நம்மூரில் நிறையப் பார்த்தாயிற்று.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15, அதே ஃபாரஸ்ட் அணி ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலோடு எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி ஆட இறங்கியது. போலீஸ் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட, ஏற்கெனவே நிரம்பிய கூண்டுக்குள் லிவர்பூல் ரசிகர்கள் மேலும் மேலும் வந்து சேர்ந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் கம்பிவேலியில் நசுங்கினார்கள். சிலர் வேலி மேல் ஏறினார்கள். ரசிகர்கள் மைதானத்துக்குள் புகப் பார்க்கிறார்கள் என்றுதான் போலீஸ் முதலில் நினைத்தது. இறந்தவர்கள் 97 பேர். வேலி யாரைத் தடுக்கப் போடப்பட்டதோ அவர்களைத்தான் கொன்றது. மூச்சுக்குத் தவித்து ஏறுகிறவனையும் கலவரம் செய்ய ஏறுகிறவனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத அளவுக்கு, வேலி அதைக் காத்தவர்களின் கண்ணையும் பழக்கியிருந்தது.

நீதிபதி டெய்லரின் அறிக்கைக்குப் பிறகு கம்பிவேலிகளைப் பிடுங்கினார்கள். மைதானங்களில் எல்லாருக்கும் நாற்காலி வந்தது. கூடவே 1991ல் ஒரு சட்டமும் வந்தது. காரணமில்லாமல் ஆடுகளத்தில் கால் வைப்பதே குற்றம். வேலி சட்டப் புத்தகத்துக்குள் குடிபோயிற்று. நான் வேலை பார்க்கும் துறையில் இதைத்தான் செய்வோம்: பூட்டை எடுத்துவிட்டு யாருக்கு எதைத் தொட உரிமை என்று ஒரு பட்டியல் போடுவோம். பட்டியலைப் போட்டவரிடம் உரிமை கேட்கும் வழி ஒன்று இருந்தால்தான் அது ஓடும். கண்டோனா தாண்டியது இப்படி வேலி போன இடத்தில் மிஞ்சிய ஒரு விளம்பரப் பலகையைத்தான்.

2021 ஆகஸ்ட் 22, பிரான்ஸின் நீஸ் நகரம். மார்செய் அணியின் திமித்ரி பாயே கார்னர் அடிக்கப் போனார். மாடத்திலிருந்து வந்த பாட்டில் முதுகில் விழுந்தது. எடுத்துத் திருப்பி எறிந்தார். கூட்டம் உள்ளே இறங்கியது. அந்த அமளியில் மார்செய் அணியின் உடற்தகுதிப் பயிற்சியாளர் பாப்லோ ஃபெர்னாண்டஸ் ஒரு நீஸ் ரசிகரைக் குத்தினார். தண்டனைப் பட்டியலைப் பாருங்கள். நீஸுக்கு இரண்டு புள்ளி வெட்டு, அதில் ஒன்று நிறுத்திவைப்பு. பாட்டிலைத் திருப்பி எறிந்த பாயேவுக்கு ஓர் ஆட்டத் தடை, அதுவும் நிறுத்திவைப்பு. ஃபெர்னாண்டஸுக்கு அந்தப் பருவம் முடியும்வரை தடை. நட்சத்திரம் எறிந்ததைப் புரிந்துகொண்டார்கள். குத்திய பணியாளருக்கு முழு விலை. குத்தியது தப்பு, சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்குத் தன் ஆளைக் காக்க ஒரு பாதுகாவலர் வரிசை அங்கே இருந்திருந்தால் அவர் குத்த வேண்டியிருந்திருக்காது.

உருகுவேக்காரர்களிடமே ஒரு தடவை போய்வரலாம். 2024 ஜூலை 10, அமெரிக்காவின் சார்லட் நகரம், கோபா அமெரிக்கா அரையிறுதி. கொலம்பியாவிடம் 1-0 என்று தோற்ற உருகுவே ஆட்டக்காரர்கள் மாடத்துக்குள் ஏறிக் கொலம்பிய ரசிகர்களோடு அடித்துக்கொண்டார்கள். டார்வின் நூனியஸுக்கு 5 ஆட்டம், பென்டன்கூருக்கு 4 ஆட்டம் தடை. தங்கள் பெஞ்சுக்குப் பின்னால் இருந்த மாடத்தில் தங்கள் மனைவிமாரும் குழந்தைகளும் நெருக்கடியில் மாட்டிக்கொண்டார்கள், அங்கே போலீஸ் இல்லை என்பது அவர்கள் தரப்பு. பயிற்சியாளர் மார்செலோ பியல்சா பத்திரிகையாளர் சந்திப்பில் தன் பையன்களை விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் வீட்டு ஆட்கள் அங்கே இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். தண்டனை எழுதுகிறவர்களுக்குக் கோட்டை யார் தாண்டினார்கள் என்பது மட்டும்தான் கணக்கு.

நம் பக்கம் வருவோம். 2015 டிசம்பர் 20, கோவாவின் ஃபடோர்டா மைதானம், ஐ.எஸ்.எல். இறுதியாட்டம். கடைசி நிமிடங்கள் வரை எஃப்.சி. கோவா 2-1 என்று முன்னணியில். பிறகு கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கை பட்டு ஒரு கோல், மென்டோசா ஒரு கோல், சென்னையின் எஃப்.சி. 3-2 என்று சாம்பியன். கொண்டாட்டத்தின் நடுவே கோவா அணியின் இணை உரிமையாளர் தத்தாராஜ் சல்காவ்கர், சென்னை அணியின் தலைவர் எலானோ தன்னைத் தாக்கியதாகப் போலீஸில் புகார் கொடுத்தார். கோப்பை வென்ற இரவிலேயே எலானோ கைதாகி, ஜாமீனில் வந்தார். மரினா அரங்கத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் அந்தப் பருவம் முழுக்கக் கத்திய சென்னைப் பையன்களுக்கு மறுநாள் பேப்பரில் கோப்பைப் படமும் கைதுச் செய்தியும் சேர்ந்தே வந்தன. உரிமையாளர் ஏன் அந்த நேரத்தில் புல்வெளியில் இருந்தார் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. முதலாளிக்கு எந்தக் கோடும் இல்லை.

கல்கத்தாவில் 2025 டிசம்பர் 13 அன்று மக்கள் கோபப்பட்டது இதற்குத்தான். மெஸ்ஸியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து சால்ட் லேக் மைதானத்துக்கு வந்தவர்களுக்குத் தெரிந்தது அவரைச் சுற்றி நின்ற பிரமுகர்களின் முதுகுதான். அவர் சற்று நேரத்திலேயே கிளம்பிவிட்டார். பாட்டில்களும் நாற்காலிகளும் பறந்தன, ஜனங்கள் உள்ளே இறங்கினார்கள். முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டார், ஏற்பாட்டாளர் கைதானார். நாற்காலியை உடைத்தவனை நான் நியாயப்படுத்தவில்லை. கோட்டுக்குள் நிற்க எந்த வேலையும் இல்லாதவர்கள் அங்கே நின்றபோது, கோட்டின் மேல் இருந்த மரியாதையும் போய்விட்டது.

அதே சால்ட் லேக்கில் 2012 டிசம்பர் 9 அன்று நடந்தது வேறு மாதிரி. ஓர் ஈஸ்ட் பெங்கால் கோல், அதையொட்டிய தகராறில் மோகன் பகான் தலைவர் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை, மாடத்திலிருந்து கல்மழை. ஒரு கல் மோகன் பகானின் ரஹீம் நபியின் முகத்தில் பட்டுக் கன்ன எலும்பு உடைந்தது. இடைவேளைக்குப் பிறகு அணியை இறக்க மாட்டோம் என்று கிளப் அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். ஆட்டத்தைப் பாதியில் விட்டதற்காக இரண்டு வருடத் தடை. சில வாரத்தில் அது 2 கோடி ரூபாய் அபராதமாகவும் அதுவரை எடுத்த புள்ளிகளின் பறிமுதலாகவும் மாறியது. கல் எறிந்தவன் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பான்.

2023 மார்ச் 3 பெங்களூரு கன்டீரவா அரங்கத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் சுவர் கட்டி முடிக்கும் முன்பே சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கை வலைக்குள் போட்டார். கோல் என்றார் நடுவர். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியை வெளியே அழைத்துக்கொண்டார். கிளப்புக்கு 4 கோடி, அவருக்கு 10 ஆட்டத் தடை. கொச்சி விமான நிலையத்தில் மஞ்சள் சட்டைக் கூட்டம் அவரை மாப்பிள்ளை மாதிரி வரவேற்றது. ஒன்றே முக்கால் வருடம் போனது. 2024 டிசம்பரில் அதே கூட்டம், 'மஞ்ஞப்பட' என்ற பெயர் கொண்ட அமைப்பு, நிர்வாகத்துக்கு எதிராகத் திரும்பியது. இனி டிக்கெட் வாங்கமாட்டோம், விற்றுத் தரவும் மாட்டோம் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே கிளப் ஒரு ரசிகர் ஆலோசனைக் குழு அமைப்பதாகச் சொன்னது. பந்துக்குக் காற்றடித்தவனை மறுபடி உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்ட மாதிரி. ஆலோசனை சொல்லலாம், ஓட்டுப் போட முடியாது.

எறிவது என்றதும் நம் நினைவுக்கு வருவது சேப்பாக்கம். 2018 ஏப்ரல் 10 அன்று காவிரிப் போராட்டத்தின் உச்சத்தில், சென்னை–கொல்கத்தா கிரிக்கெட் ஆட்டத்தில் எல்லைக்கோட்டருகே நின்ற ஜடேஜா பக்கம் செருப்பு வந்து விழுந்தது. அடுத்து நடந்தது ஆட்டங்கள் புனேவுக்குப் போனதும், ரசிகர்கள் 'விசில்போடு எக்ஸ்பிரஸ்' ரயிலில் ஏறிப் பின்னாலேயே போனதும்தான். செருப்பு போய்ச்சேர வேண்டிய முகவரி ஜடேஜா இல்லை என்பது எறிந்தவருக்கும் தெரிந்திருக்கும். கைக்கு எட்டும் தூரத்தில் அவர்தான் நின்றார்.

ஜெர்மனியில் வேறொன்றை எறிந்தார்கள். அங்கே கிளப்புகளில் பெரும்பான்மை ஓட்டு உறுப்பினர்களிடம் இருக்கவேண்டும் என்பது விதி. 2023 டிசம்பரில் லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கைச் சுமார் 100 கோடி யூரோவுக்கு ஒரு முதலீட்டாளருக்கு விற்கத் தீர்மானம் போட்டார்கள். ரசிகர்கள் ஆட்டம் ஆட்டமாக டென்னிஸ் பந்துகளைப் புல்வெளியில் கொட்டினார்கள். தங்கக்காகிதம் சுற்றிய சாக்லேட் நாணயங்களையும் கொட்டினார்கள். ஆட்டம் நின்றது, மறுபடி கொட்டினார்கள், மறுபடி நின்றது. யாருக்கும் கன்ன எலும்பு உடையவில்லை. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் அந்தப் பேரத்தைக் கைவிட்டது. அதுவரை வாராவாரம் மைதானப் பணியாளர்கள் புல்லில் குனிந்து அந்தப் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், சில இடங்களில் ஆட்டக்காரர்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். மாடத்திலிருந்து இன்னும் நாலு விழும்.